வரைபடத்தின் மேல் விரல் எங்கே போகிறது?

உங்கள் கேள்வியை முதலில் நானே ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். ஊர்ப் பள்ளியின் ஆண்டு விழாவுக்காகக் கொங்கு நாட்டு வரைபடம் ஒன்றைக் கணினியில் மூன்று மாதம் உட்கார்ந்து போட்டிருக்கிறீர்கள். மாவட்டம், தாலுகா, ஆறு, வாய்க்கால், கோயில், வாரச்சந்தை, நூற்பாலை என்று எதையும் விடவில்லை. வந்தவர்கள் "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் பலகாரம் வைத்திருந்த பக்கம் போய்விட்டார்கள். நல்ல வரைபடம் என்று எதை வைத்துச் சொல்வது என்று கேட்கிறீர்கள். இவ்வளவு உழைத்தும் ஏன் ஒருவர்கூட நின்று படிக்கவில்லை என்பதுதான் உண்மையில் உங்களை அரிக்கிற கேள்வி என்று நினைக்கிறேன். அதற்குப் பதில் சொல்கிறேன். நீங்கள் கேட்டது அதற்குள்ளேயே வந்துவிடும்.

நான் நில அளவையில் முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்தவன். பாதிக் காலம் வெயிலில் சங்கிலியோடு, மீதிக் காலம் வரைவு மேசையில் மைப்பேனாவோடு. கணினிப் படங்களை ஓய்வு பெற்ற பிறகுதான் பழகினேன். அதனால் காகிதப் படத்தைப் பற்றி நான் சொல்வது அனுபவத்தில் கண்டது. செல்பேசியில் பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பார்க்கும் படங்களைப் பற்றிச் சொன்னால் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜமாபந்தி, அதாவது கிராம நிலக் கணக்குகளை வருடத்துக்கு ஒருமுறை சரிபார்க்கும் சமயத்தில், தாலுகா அலுவலகத்தில் கிராம வரைபடத்தை மேசைமேல் விரித்து வைத்தால் என்ன நடக்கும் என்று பல வருடம் பார்த்திருக்கிறேன். வருகிறவர் படத்தின் தலைப்பைப் படிப்பதில்லை, குறிவிளக்கத்தைப் பார்ப்பதில்லை. "ஏனுங்க, நம்ம காடு இதுல எங்கீங்க இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே விரலை நீட்டுவார். காடு என்றால் எங்கள் பக்கத்தில் விவசாய நிலம். அந்த விரல் முதலில் தேடுவது அவருடைய காட்டை அல்ல. தெரிந்த ஒன்றைத் தேடும்: குளமோ, மாரியம்மன் கோயிலோ, ரோடு திரும்பும் முக்கோ. அது கிடைத்ததும் அங்கிருந்து இட்டேரி என்னும் வேலிகளுக்கு நடுவே போகும் வழியாக நகர்ந்து, ஒரு பள்ளத்தைத் தாண்டி, "இதா இங்க" என்று நிற்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமப்படுகிற ஆத்தாக்கள்கூட நான்கைந்து விநாடியில் இதைச் செய்வார்கள். அப்படி நடந்தால் அது நல்ல படம். விரல் காற்றில் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் ஏதோ கோளாறு இருக்கிறது. நான் கடைசி வரைக்கும் நம்பிய சோதனை இது ஒன்றுதான்.

நீங்கள் போட்ட படத்தைப் பார்த்தேன். விரல் வைக்க அதில் இடமில்லை. பத்துப் பேர் மட்டும் போகும் கோயிலுக்கும் பழனிக்கும் ஒரே அளவு கோபுரக் குறி. நொய்யலும் காவிரியும் ஒரே தடிமன், ஒரே நீலம். மாவட்ட எல்லை கறுப்பு, சாலை கறுப்பு, ரயில் பாதை கறுப்பு. எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினால் யார் பேச்சும் காதில் விழாது, அந்த மாதிரி. கண்ணைப் பாதி மூடி, ஐந்தடி தள்ளி நின்று பாருங்கள். அப்போதும் இரண்டு மூன்று விஷயங்கள் மேலே எழும்பித் தெரிய வேண்டும். கொங்குப் படத்தில் என்னைக் கேட்டால் அவை மலை விளிம்பு, காவிரி, நான்கைந்து பெரிய ஊர். மற்றதெல்லாம் பக்கத்தில் போனால்தான் தெரிய வேண்டும்.

குறைவாகச் சொல்லி நிறைவாக நிற்கும் படத்துக்கு உதாரணம் கேட்டால், நம் ஊரில் பட்டா வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரிந்த புலப்படத்தைக் காட்டுவேன். எஃப்.எம்.பி. என்றால் இன்னும் சீக்கிரம் புரியும். யாரும் அதை அழகு என்று சொன்னதில்லை. ஒரு சர்வே எண்ணுக்கு ஒரு தாள். மேலே மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், அளவு, பரப்பு. நடுவில் நிலத்தின் எல்லைக் கோடு, அதன் முனைகளில் கற்கள். உள்ளே மூலைக்கு மூலை ஓடும் அளவைக் கோடுகள், அவற்றிலிருந்து செங்குத்தாக எடுத்த அளவுகள். எல்லைக்கு வெளியே பக்கத்து நிலங்களின் எண்கள் மட்டும். மரம் இல்லை, வீட்டின் அழகு இல்லை, வண்ணம் இல்லை. ஆனால் ஐம்பது வருடம் கழித்து, கல்லைப் பிடுங்கி எறிந்த பிறகும், அந்தத் தாளையும் ஒரு நாடாவையும் வைத்துக்கொண்டு கல் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கலாம். படத்தை நம்பு என்று அது உங்களிடம் கேட்பதில்லை. போய் அளந்து பார் என்கிறது. தாளில் இருக்கும் ஒவ்வொரு கோடும் யாரோ கேட்கப்போகும் ஒரு கேள்விக்கான பதில். வெறும் அலங்காரத்துக்கு என்று ஒரு கோடுகூட அதில் கிடையாது.

அளவு என்று வந்ததால் ஒரு பழைய கதை. பங்காளிகள் இரண்டு பேர் பாகம் பிரிக்கும்போது யாரோ ஒருவரிடம் படம் வரைந்து வாங்கியிருந்தார்கள். பக்க அளவுகள் எழுதப்படவில்லை. மூலையில் '1:1000' என்று மட்டும் இருந்தது, அதாவது படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் பத்து மீட்டர். மூத்தவர் அதை ஜெராக்ஸ் கடையில் ஏ4-லிருந்து ஏ3-க்குப் பெரிதாக்கி, பையனின் ஸ்கேலை வைத்து அளந்திருக்கிறார். மூலப்படத்தில் ஏழு சென்டிமீட்டர் இருந்த பக்கம் 9.9 ஆகிவிட்டது. 70 மீட்டர் நிலம் 99 மீட்டர் ஆனது. தம்பி ஏமாற்றிவிட்டான் என்று பேச்சுவார்த்தையே நின்றுபோனது. தாள் பெரிதாகும்போது '1:1000' என்ற எழுத்தும் பெரிதாகுமே தவிர அதன் பொருள் மாறாதே. அந்த இடத்தில் ஒரு கோட்டைப் போட்டு '0, 25, 50 மீட்டர்' என்று குறித்திருந்தால் படத்தோடு சேர்ந்து அந்தக் கோடும் நீண்டிருக்கும், சண்டையும் வந்திருக்காது. உங்கள் படத்திலும் எண்ணில் மட்டும்தான் அளவு இருக்கிறது. விழா மேடையில் ஆளுயரத்துக்கு ஃபிளக்ஸ் அடித்தபோதே அந்த எண் பொய்யாகிவிட்டது. இது ரசனை சார்ந்த விஷயமல்ல, நிச்சயமான தவறு. அளவுக்கோடு போடுங்கள்.

படத்தை நின்று பார்க்க வைப்பது எது என்பதற்கு இப்போது வருகிறேன். எனக்குப் பிடித்த இடம் இது, கொஞ்சம் நீளும். உங்கள் படத்தில் கீழ்பவானி வாய்க்காலை ஒரு நீலக் கோடாக வரைந்திருக்கிறீர்கள். பவானிசாகரில் புறப்பட்டு 200 கிலோமீட்டர் அது வளைந்து நெளிந்து போகிறது. பார்க்கிறவருக்கு எதுவும் தோன்றாது. கோடு என்றால் வளையத்தானே செய்யும். அதே இடத்தில் சம உயரக் கோடுகளை, அதாவது ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைச் சேர்க்கும் கோடுகளை, மெல்லிய பழுப்பில் போட்டுப் பாருங்கள். வாய்க்கால் கிட்டத்தட்ட ஒரு சம உயரக் கோட்டோடு ஒட்டிக்கொண்டு, மிகக் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போவது தெரியும். ஏன் நெளிகிறது என்பது சொல்லாமலே விளங்கும்: தண்ணீர் உயரத்தை இழக்காமல் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு நிலத்துக்குப் பாயும். 1955-ல் முடிந்த அணையிலிருந்து இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் நடப்பது இந்த நெளிவினால்தான். வாய்க்காலுக்குக் கீழ்ப்பக்கம் மட்டும் வெளிர்பச்சை தடவிவிடுங்கள். மேல்பக்கம் கிணற்றை நம்பிய மேட்டாங்காடு, வறண்ட கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம். கீழ்ப்பக்கம் நெல், மஞ்சள், கரும்பு. கோபி, பெருந்துறை, காங்கேயம் பக்கத்து ஆட்கள் யாராவது வந்து நின்றால், "எங்குளுது மேல்பக்கமுங்க, அதான் தண்ணி வரல" என்று அவர்களே ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் பெண் கொடுக்க யோசிப்பார்கள், அந்தப் பக்கம் யோசிக்க மாட்டார்கள் என்றுகூட ஒரு காலத்தில் பேசுவார்கள். அதை வரைபடத்தில் போட முடியாது, ஆனால் வரைபடத்தைப் பார்த்தால் அந்தப் பேச்சு வரும்.

காலிங்கராயன் வாய்க்காலும் அப்படித்தான். 13-ஆம் நூற்றாண்டில் வெட்டியது, பவானியில் தொடங்கிக் காவிரிக்கு இணையாக ஈரோட்டை ஒட்டி ஓடி நொய்யலில் சேரும். பாம்பு ஒன்று முன்னால் ஊர்ந்து வழி காட்டியது, அந்தத் தடத்திலேயே வெட்டினார்கள் என்று ஊரில் கதை சொல்வார்கள். கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் சம உயரக் கோட்டை முதன்முதலில் ஒரு பையனுக்குக் காட்டும்போது, "பாம்பு போன தடம் இதுதான்" என்று நான் சொல்வதுண்டு. அதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

இதில் ஒரு சிக்கல் இருப்பதையும் சொல்ல வேண்டும். கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர், ஈரோடு சுமார் 180. நடுவில் தொண்ணூறு கிலோமீட்டர் போல. நிலத்தின் மேடு பள்ளம் காட்டும் 1:50,000 அரசுப் படத்தாளில், அதாவது டோப்போ ஷீட்டில், 20 மீட்டருக்கு ஒரு கோடு என்றால், அவ்வளவு தூரத்துக்கும் சேர்த்துப் பன்னிரண்டு கோடுகூட வராது. மலைக்குப் பொருந்துகிற இடைவெளி சமவெளிக்குப் பொருந்தாது. எனவே சமவெளிக்கு இன்னும் நெருக்கமான உயரத் தகவல் தேடிப் போடுங்கள், அல்லது உயரத்துக்குத் தகுந்தாற்போல நிறத்தை மெல்ல மாற்றுங்கள். இரண்டில் எது மேல் என்பது அவரவர் கண்ணைப் பொறுத்தது. நான் நிறத்தையே விரும்புவேன்.

அடுத்தது சட்டகம், அதாவது படத்தை எங்கே வெட்டி நிறுத்துவது என்பது. பழைய டோப்போ ஷீட் முறையில் கோவைக்கு ஒரு துரதிர்ஷ்டம் உண்டு. தாள்களைப் பிரிக்கும் 77 டிகிரி தீர்க்கரேகையும் 11 டிகிரி அட்சரேகையும் வெட்டிக்கொள்ளும் புள்ளி நகருக்குள்ளேயே விழுகிறது. அதனால் ஒரே ஊர் 58 ஏ/16, 58 பி/13, 58 இ/4, 58 எஃப்/1 என்று நான்கு தாள்களின் மூலைகளில் கிடக்கும். ஊரைப் பார்க்க நான்கையும் ஒட்டித்தான் ஆக வேண்டும். தாளைப் பிரித்தவர்கள் மேல் குற்றமில்லை, உலகத்தையே கட்டம் கட்டும்போது யாராவது ஒருவர் மூலையில் மாட்டத்தான் செய்வார்கள். ஆனால் உங்கள் கையில் கத்தரி இருக்கிறது. நீங்கள் மாநில எல்லையோடு நிறுத்தி, அதற்கு மேற்கே வெள்ளையாக விட்டுவிட்டீர்கள். இதனால் கொங்கு நாட்டின் மிக முக்கியமான விஷயம் காணாமல் போய்விட்டது. மேற்குத் தொடர்ச்சி மலை நடுவில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் வாய் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் பாதிக்கு மேல் அந்த வெள்ளைக்குள் இருக்கிறது. ஆடியில் பல்லடத்திலும் உடுமலையிலும் காற்று ஆளைத் தள்ளுவதற்கும், அந்தப் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்பதற்கும், கோவைக்குத் தனிக் குளுமை இருப்பதற்கும் காரணம் அந்த இடைவெளிதான். மேற்கே இன்னும் ஒரு கையளவு சேர்த்து, மலைக்கு நிழல் கொடுங்கள். கணவாய் தானாகவே தெரியும்.

தமிழில் பெயர் எழுதுவதுதான் உண்மையில் கஷ்டம், இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆங்கிலப் படத்தில் மாவட்டத்துக்குப் பெரிய எழுத்து, ஊருக்குச் சின்ன எழுத்து, ஆற்றுக்குச் சாய்வெழுத்து என்று மூன்று வகையை எழுத்தை வைத்தே பிரித்துவிடுவார்கள். நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று கிடையாது. சாய்வெழுத்தும் பல எழுத்துருக்களில் நோஞ்சானாக இருக்கிறது. பெரிய பரப்பின் மேல் எழுத்துகளை விரித்து எழுதலாம் என்றால், கொங்கு என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சில மென்பொருள்கள் பிரித்து எறிந்துவிடும். கையால் எழுதிய காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. இப்போது என்ன செய்யலாம்? தடிமனையும் நிறத்தையும் நம்ப வேண்டியதுதான்: ஆற்றுப் பெயர் நீலத்தில், ஆற்றின் வளைவோடு சேர்ந்து, மாவட்டப் பெயர் பெரிதாக, ஆனால் வெளிர்சாம்பலில், ஊர்ப் பெயர் கறுப்பில். எழுத்துக்கு மேலே விலங்கும் (கி, கீ) கீழே சுழியும் (மு, மூ) வருவதால், இரண்டு பெயர் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தால் ஆங்கிலத்தைவிட அதிக இடைவெளி வேண்டும்.

அப்புறம் நம் ஊர்ப் பெயர்களின் நீளம். ஈரோட்டுக்கு மூன்று எழுத்து, பெரியநாயக்கன்பாளையத்துக்குப் பன்னிரண்டு. பாளையம், புதூர், வலசு என்று முடிகிற ஊர்கள் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் முழுப்பெயரும் எழுதினால் நிலமே மறைந்துவிடும். பேருந்தில் கோபி என்று எழுதினால் கோபிசெட்டிபாளையம் என்று எல்லாருக்கும் புரிகிறதே, படத்திலும் கோபி என்றே எழுதுங்கள். பெ.நா.பாளையம் என்று செய்தித்தாள் எழுதினால் யாரும் தடுமாறுவதில்லை. ஊர்ப் புள்ளிக்கு வலப்பக்கம், சற்று மேலே பெயர் வருவது கண்ணுக்கு இதமானது. அது முடியாதபோதுதான் மற்ற பக்கங்கள். பெயர் எந்தப் புள்ளிக்கு உரியது என்று ஒரு நொடி யோசிக்க வேண்டி வந்தால்கூட விரல் அங்கேயே நின்றுவிடும்.

வண்ணத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்கள் உண்டு, எனவே அந்த இரண்டை மட்டும் வைத்து நன்மை தீமை காட்டாதீர்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். எப்படியும் பள்ளியில் அதைத்தான் செய்யப்போகிறார்கள். அதிலும் புரிந்தால் வண்ணம் சரியாக இருக்கிறது என்று பொருள்.

ஆனால் ஓரத்தில் நீங்கள் போட்டிருக்கும் மக்கள்தொகைச் சிறுபடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அதன்படி கோவை மாவட்டத்தில் 2001-ல் சுமார் 42.7 லட்சம் பேர், 2011-ல் சுமார் 34.6 லட்சம். இரண்டு எண்களும் சரி. பத்து வருடத்தில் எட்டு லட்சம் பேர் ஊரைவிட்டு ஓடிவிட்டார்களா? இல்லை, 2009-ல் திருப்பூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. எல்லை மாறியதைச் சொல்லாமல் நிறத்தை மட்டும் வெளுக்க விட்டால், ஒவ்வொரு எண்ணும் உண்மையாக இருந்தும் படம் பொய் சொல்லும். 1979-ல் பெரியார் மாவட்டம் (இன்றைய ஈரோடு) பிரிந்தது, 1995-ல் கரூர், 1997-ல் நாமக்கல். எனவே கொங்குப் படம் எதிலும் எந்த வருடத்து எல்லை என்பதைக் கீழே எழுதியே ஆக வேண்டும். இன்னொன்று: ஈரோடு மாவட்டத்தின் 5,700 சதுர கிலோமீட்டரில் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் மட்டுமே 1,400-க்கு மேல். மாவட்டம் முழுவதற்கும் ஒரே நிறம் பூசினால் புலி நடமாடும் காட்டிலும் பெருந்துறை அளவுக்குக் கூட்டம் இருப்பதாகத் தோன்றும். காட்டை வெட்டி எடுத்துவிட்டு மீதிக்கு நிறம் கொடுங்கள்.

உலகப்படத்தில் கிரீன்லாந்து பெரிதாகத் தெரிவது பற்றி வேறொருவர் இங்கே எச்சரித்திருந்தார். அது உண்மைதான், நம் நாடு அதைவிட ஒன்றரை மடங்கு பெரியது, துருவப் பக்கம் போகப் போக நிலத்தைப் பெரிதாக்கிக் காட்டும் மெர்கேட்டர் முறைப் படத்தில் பார்த்தால் நம்பவே முடியாது. ஆனால் நமக்கு அந்தக் கவலை வேண்டாம். 11 டிகிரி அட்சரேகையில் அந்த முறை நீளத்தை இரண்டு சதவீதம் போலத்தான் கூட்டும். பள்ளிச் சுவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இவ்வளவு நேரம் உறுதியாகச் சொன்னேன். கடைசி விஷயத்தில் உறுதியில்லை, யாராலும் உறுதியாகச் சொல்ல முடியும் என்றும் தோன்றவில்லை: கொங்கு நாட்டைச் சுற்றி நீங்கள் போட்டிருக்கும் தடித்த சிவப்புக் கோடு. பழைய வெண்பா ஒன்று கொங்குக்கு எல்லை சொல்லும்போது வடக்கே தலைமலை, தெற்கே வைகாவூர், மேற்கே வெள்ளிமலை, கிழக்கே குளித்தலை என்று நான்கு இடங்களை மட்டும் சொல்கிறது. கோடு போடவில்லை. குளித்தலைக்குக் கொஞ்சம் வடக்கே எல்லை எப்படி வளைகிறது என்று அந்தப் புலவரைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். பட்டா நிலத்தின் எல்லைக்குக் கல் உண்டு, அளவு உண்டு, கோடு போடலாம். மொழியும் பழக்கமும் மெல்ல மெல்ல மாறும் ஒரு நாட்டுக்கு அதே கோட்டைப் போட்டால், சிவப்புக்கு வெளியே நிற்கும் ஊர்க்காரர் சண்டைக்கு வருவார், அவர் பக்கம் நியாயமும் இருக்கும். நானாக இருந்தால் அந்த நான்கு இடங்களையும் பெயரோடு நன்றாகத் தெரியும்படி குறித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நிறத்தைக் கரைய விட்டுவிடுவேன். வேறு வழி இருக்கலாம். வரலாறு படித்தவர்கள் யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே முதலில் நூற்பாலைகளை எடுத்துவிடுங்கள், கோயில்களில் முக்கால்வாசியையும். சந்தைகளில் எது எந்தக் கிழமை என்று ஓரெழுத்தில் குறித்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதுவும் வேண்டாம். வாய்க்கால்களையும் உயரத்தையும் சேருங்கள். சாதாரணத் தாளில் ஒரு பிரதி எடுத்து, சந்தை நாளில் ஏதாவது ஒரு டீக்கடை மேசையில் விரித்துப் போட்டுவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். விளக்கம் சொல்லாதீர்கள், அதுதான் கஷ்டம். யார் விரல் முதலில் எங்கே போனது, எங்கே தடுமாறியது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். இருபது பேர் பார்த்தால் போதும். அந்தக் குறிப்பை இங்கே போடுங்கள், அதை வைத்துக்கொண்டு அடுத்த படத்தைப் பற்றிப் பேசலாம்.